கிளம்ப மறுக்கும் கார்

காரின் சாவியைத் திருப்புகிறீர்கள். முன்விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஹாரன் தெருவே கேட்க ஒலிக்கிறது. ஆனால் எஞ்சின் மட்டும் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் விளக்கு எப்படி எரிகிறது? இருக்கிறது என்றால் எஞ்சின் ஏன் சுழலவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதங்களும் பதினோராயிரம் ரூபாயும் செலவாயின. இத்தனைக்கும் நான் கல்லூரியில் ஓம் விதியைக் கற்பிப்பவன்!

ஒரு மே மாதக் காலை. உசிலம்பட்டியில் இருக்கும் என் தாயாரை எட்டு மணிக்குள் மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் இரவே காரில் போய்ச் சேர்ந்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் மேலே சொன்ன கதைதான். பத்து நிமிடம் போராடினேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “பஸ்ஸுல போயிருவோம்ப்பா. இதை நம்பி உட்கார்ந்திருந்தா ஆகாது” என்றார். பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை கடந்துவிட்டது.

அன்று மாலையே ஒரு கடைக்காரர் காரைப் பார்த்தார். “பேட்டரி போயிருச்சு சார்” என்றார். புதியது போட்டோம். கார் உடனே கிளம்பியது. மூன்று வாரம் கழித்து மீண்டும் அதே முனகல். இரண்டாவது கடையில், “செல்ப் மோட்டார் வீக்” என்று அதையும் மாற்றினார்கள். கார் மீண்டும் கிளம்பியது; மீண்டும் சில நாள்களில் நின்றது. மூன்றாவதாகத் திருமங்கலத்தில், வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு மல்டிமீட்டரை எடுத்தார். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உடலிலும் வைத்துக்கொண்டார்.

“சாவியைத் திருப்புங்க சார். ரெண்டு செகண்டுக்கு மேல வேணாம்.”

திருப்பினேன். மீட்டரை என் பக்கம் காட்டினார். 2.8 வோல்ட்.

“ரெண்டே முக்கால் வோல்ட் இந்த எர்த் ஒயர்லயே போயிருது. மோட்டாருக்கு என்ன சார் மிச்சம் இருக்கும்?”

பேட்டரியிலிருந்து இறங்கும் எர்த் ஒயர், கியர் பெட்டியில் ஒரு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தைக் கழற்றி, பூத்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மறுபடி இறுக்கினார். மீண்டும் அளந்தார். 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. கூலி நூற்றைம்பது ரூபாய்.

அவர் செய்ததில் மாயம் ஒன்றும் இல்லை. மேல்நிலை வகுப்பு இயற்பியல்தான். அதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

சிறிய தடை, பெரிய மின்னோட்டம்

காரின் இரண்டு முன்விளக்குகளும் தலா 55 வாட் என்று கொள்வோம். மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் இவை எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர். எஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டாரோ 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எஞ்சின் பெரிதானால் இன்னும் மிகும். காரிலுள்ள எந்தக் கருவியும் இதற்கு அருகில்கூட வராது.

துருப்பிடித்த அந்த இணைப்பின் தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி, மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அங்கே வீணாகும் மின்னழுத்தம் கிடைக்கும். விளக்குகள் எரியும்போது 9 × 0.02 = 0.18 வோல்ட். இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பிரகாசமாகவே எரியும். மோட்டார் 140 ஆம்பியர் இழுக்கும்போது 140 × 0.02 = 2.8 வோல்ட். பேட்டரியின் முனைகளில் அந்தச் சமயம் 10.4 வோல்ட் இருந்தால், மோட்டாருக்குப் போய்ச் சேருவது 7.6 வோல்ட் மட்டுமே. முனகாமல் என்ன செய்யும்?

பெரியாறு பாசனக் கால்வாயை நம்பி வாழும் மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இது நன்றாகப் புரியும். வாய்க்கால் தூர்ந்திருந்தாலும், கசிவுத் தண்ணீர் மட்டும் வரும் நாள்களில் அது தெரிவதில்லை. முழுத் தண்ணீரும் திறந்துவிடும் நாளில்தான் அடைப்பு தெரியவரும். மின்சாரத்திலும் அப்படியே. சுமை ஏறினால்தான் குறை வெளிப்படும்.

மாணவர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். மல்டிமீட்டரிலேயே தடையை அளக்கும் வசதி இருக்கிறதே, காரை நிறுத்திவிட்டு அந்த ஒயரின் தடையை நேரடியாக அளந்தால் என்ன? அளக்கலாம், ஆனால் பயன் இல்லை. சாதாரண மீட்டரின் இரண்டு அளவுக் கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை உண்டு. அதில் 0.02 ஓம் மறைந்துபோகும். மேலும், நூறு இழைகள் உள்ள ஒயரில் ஒரே ஓர் இழை மட்டும் அறாமல் இருந்தாலும் மீட்டர் “நல்ல ஒயர்” என்றே சொல்லும். ஆகவே மின்னோட்டம் பாயும்போதே மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். முதியவர் சாவியைத் திருப்பச் சொன்னது இதற்காகத்தான்.

சரி, புதிய பேட்டரி போட்டதும் கார் கிளம்பியதே, அது எப்படி? புதிய பேட்டரியின் உள்தடை குறைவு. எனவே இணைப்பில் இழந்ததுபோக, எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு மிச்சம் இருந்தது. துரு மேலும் வளர்ந்ததும் அந்த மிச்சமும் போயிற்று. புதிய மோட்டாருக்கும் இதே கதைதான். தவறான மருந்துக்கும் நோய் சில நாள் அடங்குவதுண்டு. அதை வைத்து மருந்தைச் சரி என்று சொல்லிவிட முடியாது.

சில விநாடிகளுக்கான மோட்டார்

செல்ப் மோட்டார் ஏன் இவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது? 1911-இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய காலத்தில், மோட்டார் வண்டிகளை முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைப் பொருத்திக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர் பலர். அதே சமயத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் இதற்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். எஞ்சினைச் சுழற்றப் பெரிய மோட்டார் தேவை, அது காரில் அடங்காது என்பதே அன்று பலரின் கருத்து. கெட்டரிங் முன்பு கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். சில விநாடிகள் மட்டுமே வேலை செய்யும் மோட்டாருக்கு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கொடுக்கலாம், அது சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதை அவர் அந்த அனுபவத்தில் அறிந்திருந்தார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அவருடைய மோட்டார் இடம்பெற்றது. டி.வி.எஸ். குழுமம் பங்குகொண்டு 1961-இல் நிறுவிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் இத்தகைய மோட்டார்களைத் தயாரிப்பதே.

சாவியை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்பதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் மோட்டார் ஆறச் சற்று நேரம் கொடுங்கள்.

வெயிலும் துருவும்

காரிலுள்ள காரீய அமிலப் பேட்டரியின் மூலவடிவத்தை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். கார் பேட்டரியில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்கள் வரிசையாக இணைந்துள்ளன, மொத்தம் 12.6 வோல்ட். மின்னிறக்கம் நடக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இவ்வினை திரும்புகிறது. ஆனால் மின்னிறங்கிய நிலையிலேயே பல நாள் கிடந்தால் சல்பேட் கெட்டிப்பட்டு, முன்போல் கரையாது. பேட்டரி சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்தில் மதுரையில் வெப்பநிலை 40 பாகையை எட்டுவது புதிதன்று. எஞ்சினுக்குப் பக்கத்தில் இன்னும் அதிகம். பேட்டரியின் உள்ளே தகட்டுச் சட்டங்கள் அரிக்கப்படுவது விரைவாகிறது, நீரும் வற்றுகிறது. குளிர்நாட்டில் கார் கிளம்பாமல் நிற்பது பனிக்காலத்தில். நம் நாட்டிலோ வெயில் பேட்டரியின் ஆயுளையே குறைத்துவிடுகிறது.

உலோக அரிப்பும் மின்கலங்களும் மின்வேதியியல் என்ற ஒரே துறையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஆராயும் நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையந்தான் அது. டாக்டர் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். என் காரை நிறுத்திய அந்தத் துருப்படலமும் இத்துறையின் ஆராய்ச்சிப் பொருளே.

குறிகளைக் கவனியுங்கள்

மருத்துவரிடம் போகுமுன் நோயின் குறிகளை நினைவில் வைத்துக்கொள்வது போல, மெக்கானிக்கிடம் போகுமுன் சிலவற்றைக் கவனியுங்கள். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கே எரியவில்லை என்றால், பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கலாம். அல்லது அதன் முனை கழன்றிருக்கலாம். அல்லது பெரிய ப்யூஸ் போயிருக்கலாம்.

விளக்கு மங்கி, “டிக் டிக் டிக்” என்று தொடர்ந்து சத்தம் கேட்டால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது முனைகளில் பூஞ்சணம் பூத்திருக்கிறது.

விளக்கு மங்காமல், ஒரே ஒரு “டக்” மட்டும் கேட்டால், பெரும்பாலும் மோட்டாருக்கு மின்னோட்டம் போகவில்லை. மோட்டாரையும் அதன் ஒயர்களையும் பார்க்க வேண்டும்.

விளக்கு நன்றாக எரிந்து, சத்தமே இல்லை என்றால், ரிலே, சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் ஆகியவற்றில் ஒன்று சந்தேகத்துக்குரியது.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரியையும் மோட்டாரையும் குறை சொல்லாதீர்கள். எரிபொருள் பக்கமோ பற்றவைக்கும் பக்கமோ கோளாறு.

ஓடும்போது பேட்டரிச் சின்னம் சிவப்பாக எரிந்தால், நம் ஊரில் இன்றும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லை. முதலில் அதைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள்.

மூன்று அளவுகள்

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது. அதை நேர்மின்னழுத்தம் அளக்கும் நிலையில், 20 வோல்ட் அளவில் வைத்துப் பேட்டரி முனைகளில் மூன்று அளவுகள் எடுங்கள். முதலில் காரை நியூட்ரலில் நிறுத்திக் கைப்பிரேக் போடுங்கள்.

ஒன்று, இரவு முழுதும் நின்ற காரில் காலையில் எடுக்கும் ஓய்வு அளவு. 12.6 என்றால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 11.9-க்குக் கீழ் என்றால் அநேகமாகக் காலி.

இரண்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது எடுக்கும் சுமை அளவு. 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக் கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டுச் சுமையில் 7 அல்லது 8-க்குச் சரியும் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

மூன்று, எஞ்சின் ஓடும்போது எடுக்கும் அளவு. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பெரும்பாலான கார்களில் மின்னேற்றம் சரி. புதிய கார்கள் சிலவற்றில் கணிப்பொறியே இதை ஏற்றி இறக்கும். எப்போதும் 12.5-லேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயன் இல்லை, புதியதும் வடிந்துபோகும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்துக் கெடும்.

மூன்றும் சரியாக இருந்தும் எஞ்சின் சோம்பலாகச் சுழன்றால், திருமங்கலத்து முதியவர் செய்த சோதனையைச் செய்யுங்கள். சாவியைத் திருப்பும்போது, எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் குறை இருக்கிறது.

நிறுத்திவைத்த காரின் பேட்டரி தானாக இறங்குகிறதா? எங்கோ கசிவு இருக்கிறது. கார் முழுதும் உறங்கிய பிறகு 0.05 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் ஓடக் கூடாது. 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரியை 0.05 ஆம்பியர் காலி செய்ய 700 மணி, அதாவது 29 நாள் ஆகும். கசிவு 0.5 ஆம்பியர் என்றால் மூன்றே நாள்! மின்னோட்டத்தை மீட்டரின் வழியாக அளக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டரின் ப்யூஸ் போய்விடும்.

சில எச்சரிக்கைகள். மின்னேற்றும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் தீக்குச்சியோ பொறியோ ஆகாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது பழைய டைனமோ காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் அது ஆல்டர்னேட்டரையும் கணிப்பொறியையும் கெடுக்கும். போன ப்யூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பி போடாதீர்கள். அடுத்து உருகுவது காரின் ஒயரிங்காக இருக்கும். மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவை பல நூறு வோல்ட் சுமப்பவை.

யாரை நம்புவது?

என் முதல் இரண்டு மெக்கானிக்குகளும் ஏமாற்றுக்காரர்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் அளக்காமல் ஊகித்தார்கள். ஏமாற்றுவதும் ஊகிப்பதும் வேறு வேறுதான். ஆனால் நம் பையிலிருந்து போகும் பணம் ஒன்றே. ஊகிப்பவர் நல்லவராகவும் இருப்பதால் அவரை அடையாளம் காண்பது கடினம்.

என் அனுபவத்தில் சில அடையாளங்களைச் சொல்வேன். நம்பத் தகுந்தவர் முதலில் கேள்வி கேட்பார்: காலையிலா, ஓடி நின்ற பிறகா, எத்தனை நாளாக? பிறகு அளப்பார், அதுவும் சுமையேற்றி அளப்பார். அளவை உங்களிடம் காட்டத் தயங்க மாட்டார். மாற்றும் முன் செலவைச் சொல்வார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே உங்கள் கையில் தருவார். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்து காட்டுவார். “இது எனக்குப் பிடிபடவில்லை, இன்னாரிடம் காட்டுங்கள்” என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஸ்கேனர் கருவியை மாட்டி எண்ணைப் படித்ததும் “இந்தச் சென்ஸாரை மாற்ற வேண்டும்” என்று சொல்பவரிடம், “அந்த ஒயரை அளந்தீர்களா?” என்று கேளுங்கள். எந்தச் சுற்றில் குறை என்றுதான் அந்த எண் சொல்லும். எந்தப் பாகத்தில் என்று சொல்லாது. பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலே பொய்யான எண்கள் பல வரக்கூடும்.

பேட்டரி வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, உத்தரவாத அட்டையில் தேதி போட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியின் காரீயத்துக்கு விலை உண்டு. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய மெக்கானிக்கிடம் முதலில் ஒரு சிறிய வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவசரத்தில் தேடினால் ஆராய நேரம் இருக்காது.

கார் இல்லாத மாணவர்களும் இந்தப் பாடத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். டார்ச் விளக்கில் போட்டுத் தேய்ந்துபோன ஒரு செல்லை எடுத்து அளந்து பாருங்கள். 1.3 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டலாம். நல்ல செல் என்றே தோன்றும். இப்போது அதில் ஒரு சிறிய பல்பை இணைத்து, எரியவிட்டபடியே மறுபடி அளந்து பாருங்கள். எண் மளமளவென்று சரியும். பாடப்புத்தகத்தில் உள்தடை என்று படித்தது இதுதான். சுமையில்லாதபோது காட்டும் அளவை நம்பக் கூடாது என்பதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் மறக்காது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறக்கும் முன் திருமங்கலத்துக்குப் போய் வருகிறேன். முதியவர் மீட்டரைப் பிடிக்க, நான் சாவியைத் திருப்புகிறேன். சென்ற முறை அம்மாவும் உடன் வந்திருந்தார். மீட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு, “இப்ப இதை நம்பலாமாப்பா?” என்று அவர் கேட்டது என்னிடம் இல்லை, அந்த முதியவரிடம்.